கல்கலா மாசத்தில் தீசிஸ் கிரெடிட்

“டிசம்பர்ல தீசிஸ்னு உக்காந்துட்டா கிறிஸ்துமஸ் கல்கலாவுக்கு மாவு யார் பிசையறது, ஸ்டெல்லா? ஜனவரிக்குத் தள்ளிப்போட்டா இன்னா?”

காலை ரயிலுக்கு ஷூ மாட்டிக்கொண்டே என் கணவர் கேட்டது இது. இந்த வயதில் எம்.ஏ. படிப்பது ஒரு வேலை; வீட்டாருக்கு அதை விளக்குவது ஓவர்டைம். குடும்பத்தையும் கட்டிக்கொண்டு படிக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா! தீசிஸ் கிரெடிட்டை டிசம்பர் அடங்கும் மூன்றாம் செமஸ்டரில் எடுப்பதா, அதற்கடுத்த நான்காவதிலா? பெயர் பதிய நாளை கடைசி.

கைடு சொன்னது

என் கைடுக்கு என் மகள் வயது. தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஆண்டர்சன்பேட்டைப் பெண்களின் வீட்டுப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரங்க வார்த்தைகள்தான் என் ஆராய்ச்சி. பேச்சுக் கேட்கப் போனால் வீடு வீடாகப் பூட்டு. எல்லாரும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில். “நாலாவதில் எடுக்கிறேனே, வகுப்புகளும் முடிந்திருக்கும்” என்றேன். லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமலே பதில் வந்தது:

“பேர் பதியாம யார் பேச்சையும் ரெக்கார்ட் பண்ண முடியாது மேடம். உங்க ஊர்ப் பெண்கள் ஒண்ணா உக்கார்ற மாசம் எதுன்னு பாத்து எடுங்க.”

மேரியக்கா வீட்டில்

பக்கத்து வீட்டு மேரியக்காவிடம் புலம்பப் போனேன். பேச்சு போன டிசம்பருக்குத் தாவியது. அக்கா வீட்டில்தான் தெருப் பெண்கள் எல்லாரும் கூடி, முட்கரண்டியில் மாவை உருட்டிக் கல்கலா பொரிப்போம். ஜல்லிக்கரண்டியை எண்ணெயில் இறக்கும்போதெல்லாம் அக்கா போடும் சத்தம், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய கூண்டின் பெயரில்: “கேஜ் இறங்குது, கைய எடு!”

அட! வருஷம் பூரா தேடிய வார்த்தை எண்ணெய்ச் சட்டியில் கிடக்கிறது! லீவில் ரயில் கூட்டமும் வீட்டில் இருக்கும். இந்த டிசம்பர் போனால், அடுத்ததற்குள் என் படிப்பே முடிந்துவிடும். விட்டால் போச்சு! அக்காவைக் கட்டிப்பிடித்தேன்.

“இன்னாடி இது, நாங்க கத்தறதுக்கு உனக்கு டிகிரி குடுப்பாங்களா? அப்ப என் பேரையும் சேத்துப் போடு!”

சாயங்காலம்

அன்றே மூன்றாம் செமஸ்டரில் பதிந்துவிட்டேன். கணவர் வாசலில் கால் வைத்ததும் குதித்துக்கொண்டு சொன்னேன். அவர் சொன்னது:

“ரெக்கார்ட் பண்றேன்னா ஊர்ல ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா, பாத்துக்கோ.”

ஆக, தீசிஸ் கிரெடிட் எப்போது எடுப்பது என்பதைப் பல்கலைக்கழகக் காலண்டர் பாதிதான் சொல்லும், மீதியை அடுப்படியில்தான் கேட்க வேண்டும்.

“ஏங்க, ரெக்கார்ட் பண்ணதை எல்லாம் ஜனவரியில உக்காந்து எழுதணும். அந்த மாசம் ராத்திரி சமையலை மட்டும் நீங்க பாத்துக்குங்களேன்?”

டிவி சத்தம் கூடியது.