காவிப் பட்டை அடித்த தெரு

எங்கள் தெரு படுத்துப்போனது ஒரு பஸ் நிறுத்தத்தால். ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய கடைத்தெரு அது. மதுரை பஸ் அதன் முனையில் நின்றவரை, இறங்குகிற சனம் நேராக எங்கள் கடைகளில்தான் வந்து விழும். எண்பதுகளின் கடைசியில் நிறுத்தத்தை அப்பால் கொண்டுபோனார்கள். சனமும் அப்பால் போயிற்று. பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் வெயிலும் நானும் இருப்போம். வெயிலாவது சாயங்காலம் எழுந்து போகும்.

அப்பா விட்டுப்போன செருப்புக்கடை என்னுடையது. என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் நூல்மில்லில் ஷிஃப்ட் வேலை. மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பேசிவிட்டார். ஆடி பிறக்குமுன் கடையை ஒழித்துவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் ஆடியில் குடிபோக அவருக்குப் பயம். ஈ ஓட்டுகிற கடையை மூடச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் எனக்குப் போக மனமில்லை. பத்து நிமிஷம் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத எனக்கு உட்காரக் கற்றுக்கொடுத்ததே அந்தக் கடைதான். தோலும் ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனைக்குள் நான் வேறொரு ஆளாக இருந்தேன்.

பங்குனி முடிகிற சமயம், பாத்திரக்கடை அண்ணாச்சி தெருக்காரர்கள் எல்லோரையும் தன் கடைக்குக் கூப்பிட்டார். அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். யார் பேசினாலும் இரண்டு தடவை கேட்டது. யாரும் வந்து நம் தெருவைச் சரிபண்ணப் போவதில்லை, நாமே பண்ணுவோம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் கடை அடைப்பு. அவரவர் கையால் வேலை.

சாக்கடையைத் தூர் வாரினோம். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஜவுளிக்கடைக்காரர், வேட்டியில் தூசி பட்டால் முகம் சுளிக்கிறவர், ஏணியில் ஏறித் துருப்பிடித்த தகரச் சாய்ப்புகளைப் பிடுங்கிப் போட்டார். பிடுங்கப் பிடுங்க, உள்ளேயிருந்து மரத்தூண்கள் வந்தன. தூண் தலையில் கிளிகள். நான் பிறக்குமுன்பே யாரோ செதுக்கி வைத்தவை, அத்தனை வருஷமும் தகரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

பிறகு சுண்ணாம்பு. டிரம்மில் நீற்றினோம், கொதித்தது, ஆறவிட்டு அடித்தோம். வெறும் வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றார் அண்ணாச்சி. அவர் ஊர்க் கோயில் வேலையில் மிஞ்சிய காவி இரண்டு மூட்டை கிடந்தது. முனையிலிருந்து கடைசிவரை, இரண்டு பக்கமும், வெள்ளை ஒரு பட்டை, காவி ஒரு பட்டை. பொழுது சாய்கிற வெளிச்சத்தில் தெரு, வெற்றிலை போட்ட வாயால் சிரித்தது. அன்றைக்கு எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

மறுநாள் சனம் வந்தது. சுந்தரபாண்டியத்துக் கல்யாண வீட்டார் பதினைந்து பேர், ஜவுளி எடுக்க. என் தொழிலில் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்போம். முப்பது கால், ஒன்றில்கூடச் செருப்பு இல்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். அடுத்து வந்த தாயும் மகளும் வெறுங்கால். அடுத்து ஒரு வாத்தியார், அவரும் வெறுங்கால். தெருமுனைக்கு ஓடினேன். விளக்குக் கம்பத்தைச் சுற்றி இருபது முப்பது ஜோடி, பவ்யமாகக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கோயில் மதில் என்று நினைத்துவிட்டார்கள். அடித்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கோயில் மதிலைப் பார்த்தே வளர்ந்த கண்களுக்கு அழகு என்றால் அந்த இரண்டு நிறம்தான்.

அந்த நாட்களில் தெரு கண்ட மரியாதையைச் சொல்லி மாளாது. ஜவுளிக்கடையில் யாரும் விலை பேசவில்லை. பாத்திரக்கடை வாசலில் ஒருவர் சூடம் ஏற்றப் பார்த்தார். ஒரு பெரியவர் கடைசிவரை நடந்து, திரும்பி வந்து, மூலவர் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். பால்கோவா கடையைக் காட்டினேன். வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனார்.

என் கடைப் படியை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. கோயிலுக்குள் எவர் செருப்பு வாங்குவார்?

பட்டையை அழித்துவிடலாம் என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"இப்பத்தான் நாலு சனம் வருது, அது பொறுக்கலையாம்மா ஒனக்கு? வேதக்காரிக்குக் காவி கண்ண உறுத்துதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். என் ஒரு கடைக்காகத்தானே கேட்டேன். அந்த வாரமே வீட்டுக்காரர் சாக்குகளோடு வந்து, பாதிச் செருப்புப் பெட்டிகளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பெண், மகளோடு வந்தாள். பருத்தி எடுத்துக் காய்த்த கை. தன் செருப்பைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். மகளுக்கு டவுனில் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, செருப்பு வேண்டும். படிக்குக் கீழேயே நின்றார்கள். பழுப்பு வார் வைத்த ஜோடி ஒன்று எடுத்துக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு அளவாக இருந்தது.

"இத இங்கனயே போட்டு நடக்கலாமாக்கா, இல்ல தெருவத் தாண்டித்தான் போடணுமா?"

இது கடைத்தெரு, கோயில் இல்லை என்று சொன்னேன்.

"கோயிலு இல்லன்னு தெரியும்க்கா. அதான் கேக்கேன். நான் வாக்கப்பட்ட ஊர்லயும் ஒரு தெரு இருக்கு. அதுவும் இப்பிடித்தான், வெள்ளையடிச்சு சுத்தமா இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எம் மக கையில தூக்கிட்டுப் போறதுக்கா வாங்குதேன்?"

போட்டுக்கிட்டே நடங்க, நானும் முனைவரைக்கும் வாரேன் என்று எழுந்தேன். என் செருப்பைத் தேடினேன். இல்லை. ஒரு மாதமாக நானும் அதை விளக்குக் கம்பத்தடியில் கழற்றிவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி கடையில் அந்தப் பெண் கேட்டதையும் சொன்னதையும் அப்படியே சொன்னேன். என் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜவுளிக்கடைக்காரர் "சாலு" என்றார், போதும் என்று. அண்ணாச்சி துடைத்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும். நான் அந்த வழியா செருப்போட எம்புட்டோ தடவ போயிருக்கேன். என்னைய ஒருத்தன் ஒண்ணு கேட்டதில்ல."

வந்த ஞாயிறு, பிரசங்கம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டேன். அண்ணாச்சி அதற்கும் முன்னால், தன் கடைச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். காவி லேசில் போகிற சாமானா? தேய்க்கத் தேய்க்க எல்லாம் ரோஸ் நிறமாயிற்று, அண்ணாச்சி உள்பட. இனி அவரவர் இஷ்டம் என்று விட்டோம். கிளிப்பச்சை, மஞ்சள், கத்திரிப்பூ, பால்கோவா கடைக்குப் பால் நிறம், எனக்கு நீலம். ராட்டினம் மாதிரி இருந்தது தெரு, பார்க்கச் சகிக்காது. சனம் நின்றுவிடுமோ என்று பயந்தோம். நிற்கவில்லை. வழி பழகிவிட்டது அவர்களுக்கு. செருப்பு டப்டப்பென்று அடிக்க வந்தார்கள், மூலையில் வெற்றிலை துப்பினார்கள், விலை பேசினார்கள். ஜவுளிக்கடைக்காரருக்கு இரண்டே நாளில் தொண்டை கட்டிப்போயிற்று.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் தட்டுவண்டியோடு வந்தார். பெஞ்சில் எட்டுப் பேர் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். செத்த நேரம் இருங்க என்றேன். நின்றார். யாரோ அவரிடம் ஏழாம் நம்பர் கேட்டார்கள். ஏழாம் நம்பர் அவர் கட்டிப்போட்ட சாக்கில் இருந்தது. அவிழ்த்தார். பிறகு எட்டாம் நம்பர். இன்னொரு சாக்கு. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஒரு சாக்கு மிச்சமில்லை.

வெளியே போனார். வண்டிக்காரரிடம் அவர் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

"அண்ணே, வீடு மாத்தல. காக்க வச்சதுக்குக் கோவிச்சுக்கிடாதிய. உள்ள வந்து கால நீட்டுங்க, ஒங்களுக்கு எத்தனாம் நம்பரு?"