மணிக்கட்டைத் திறக்கும் இரு வழிகள்

நடுவிரலைக் கவ்விய நண்டோடு, என் மனைவி பழவேற்காடு ஏரியிலிருந்து கையைத் தூக்கினாள். நீரில் குந்தி நகர்ந்து, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி பல்லில் தொங்கியது.

“இன்னாக்கா, நண்ட மோதிரமா போட்டுக்கினு வர்ற?” கூட வந்தவள் சிரித்தாள்.

மனைவி பறியை வாயிலிருந்து எடுத்தாள். “கடிச்சதே தெரியலடி.”

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே மாதக்கணக்காக, ராத்தூக்கத்தில் எழுந்துகூட, கையை உதறிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போகும். குளிர் என்றோம், வயது என்றோம். எதையாவது சொல்லி ஏரிக்கே அனுப்பினோம்.

சென்னையில் மருத்துவர் அவள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். உள்ளே ஒரு பட்டை. அதனடியில் நசுங்கிக் கிடக்கும் நரம்பு. பட்டையை வெட்டிவிட வேண்டும். உள்ளங்கையின் அடியைக் கீறித் திறந்து, நேராகப் பார்த்து வெட்டலாம். அல்லது மணிக்கட்டில் சிறு துளையிட்டு, கேமராவை நுழைத்துத் திரையில் பார்த்து வெட்டலாம். துளையென்றால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். திறந்தால் தழும்பு சில மாதம் நோகும். போகப்போக இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான் என்றார்.

“துளையே போடுங்க” என்றேன். எதிலும் அவசரம் எனக்கு. உட்கார்ந்த இடத்திலும் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

“இருய்யா, கை என்னுது.” மருத்துவரிடம் திரும்பினாள். “எதுல சார், மறுபடி தொட்டா தெரியும்?”

“அது வெட்டுறதுல இல்லம்மா. நரம்பு எவ்ளோ நாள் நசுங்கிச்சுன்றதுலதான் இருக்கு. நீங்க ரொம்ப நாள் விட்டுட்டீங்க.”

அவள் தன் கையையே பார்த்தாள். “தெறந்தே பண்ணுங்க சார். பாக்காம தொழாவுறதெல்லாம் நான் ஒருத்தி பண்றது போதும்.”

“கேமராவுலயும் நல்லா தெரியும்மா.”

அவள் மாறவில்லை.

தையல் பிரித்த பிறகும் வாரக்கணக்கில் ஏரியைக் கரையிலிருந்தே பார்த்தாள். உதறல் நின்றது, தூக்கம் வந்தது. உள்ளங்கையை ஊன்றினால் மட்டும் முகம் சுருங்கும். துளையாக இருந்தால் இந்நேரம் இறங்கியிருப்பாயே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

மறுபடி இறங்கிய நாளில் கரையில் நிற்க முடியாமல் நானும் முழங்கால் நீரில் நடந்தேன். அவள் குந்தி, கண்ணை மூடித் துழாவினாள். வெறும் சேறு. மறுபடி சேறு. பிறகு கை மேலே வந்தது. விரல்களுக்கிடையில் ஓர் இறால்.

“தட்டுப்படுதா?” என்று கத்தினேன்.

பறியை வாயிலிருந்து எடுத்தாள். “எறான்னு தெரியுதுய்யா. உசுரோட இருக்கா, செத்துப்போச்சான்னு பாத்தாதான் தெரியுது.”

இறாலைக் கண்ணருகே கொண்டுபோனாள். அதன் கால்கள் அவள் விரலில் ஊர்ந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள்.