படியோரத்துக் கொடிக்கயிறு

போன கிழமை மகன் கக்கூஸ் சுவரில் இரும்புக் கம்பி ஒன்று அடித்தான். "இதப் புடிச்சுக்கிட்டு எழும்புங்கம்மா" என்றான். இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. எங்கள் தாத்தாவின் இரத்தம் அப்படி.

தாத்தா, அப்பாவைப் பெற்றவர், ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். கால் தள்ளாடியும் ஊன்றுகோல் எடுக்கமாட்டார். கொடுத்தால் அதை வைத்து நாயை விரட்டுவார். வரிசையாய் வீடுகள் ஒட்டியிருந்த எங்கள் லயத்துக்குக் கீழே கக்கூஸ். இறங்கிப்போக ஒன்பது கருங்கல் படி, மழைக்காலத்தில் அத்தனையும் பாசி. மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் அப்படியொரு படியில் வழுக்கி இடுப்பு முறிந்து, ஆஸ்பத்திரிக்குப் போனவர் பெட்டியில்தான் திரும்பினார். மறுநாளே அம்மா எங்கள் படியோரம் கயிறு கட்டினாள். எதற்கென்று சொல்லவில்லை. துணிக்கொடி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு நாள் பகலிலேயே வானம் இருட்டிவிட்டது. அம்மா ரப்பர் பால் வெட்டப் போயிருந்தாள். நனைவதற்குள் விறகு பொறுக்கி வைக்கச் சொல்லியிருந்தாள், கட்டக் கயிறில்லை. கொடி சும்மா கிடந்தது. அவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பும்போது மழை கொட்டியது. தாத்தா ஐந்தாம் படியில் நின்றார். ஒரு கை, கயிறிருந்த பக்கத்தில் காற்றைத் துழாவியது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. விறகுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"தாத்தா, கையக் குடுங்க!"

"கிட்ட வராத! ரெண்டு பேரும் உருண்டுருவோம்."

ஒரு கால் வழுக்கியது. அவர் கைகளை ஊன்றி அப்படியே குந்தினார். பிறகு உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக மேலே வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் வீட்டு அக்கா கதவில் நின்று, "என்னாங்க கங்காணியாரே, சறுக்கு வெளையாட்டா?" என்றாள்.

"ஆமா, நீயும் வாறியா?" என்றார். கை இன்னும் படியை விடவில்லை.

அம்மா வந்ததும் விறகுக்கட்டில் கயிற்றைக் கண்டாள். அடி விழும் என்று ஒதுங்கினேன். "நாந்தான் அவுத்துக் குடுத்தேன்" என்றார் தாத்தா. அம்மா மழையிலேயே கயிற்றைத் திரும்பக் கட்டினாள்.

"பெரியவரு புடிச்சுக்கிட்டு எறங்கவா?" என்றாள் தொங்கல் வீட்டு அக்கா.

"இல்லக்கா, துணி காயப்போட" என்ற அம்மா, உள்ளே போய்க் காய்ந்த துண்டொன்றை எடுத்துவந்து, கொட்டுகிற மழையில் கொடியில் விரித்துப் போட்டாள்.

அம்மாவுக்குப் பைத்தியம் என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். தொங்கல் வீட்டு அக்காவும் சிரித்தாள். தாத்தா மட்டும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.