முதல் பந்தும் பந்துதான்

கரிவலம்வந்தநல்லூர் பஸ் கண்டக்டர்தான் செய்தி கொண்டுவந்தார். "அண்ணாச்சி, நம்ம பவுலர் சுடலைமுத்து தவறிட்டாரு. மத்தியானம் எடுக்காங்க."

கிரிக்கெட் பந்து வீசியே பிழைத்தவர் திரு. சுடலைமுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் பக்கத்துப் பஞ்சாலை ஒன்று தன் அணிக்காகவே அவருக்கு வேலை கொடுத்தது. வெடித்துக் கிடக்கும் கரிசல் தரையில் தேங்காய்நார்ப் பாய் விரித்து ஆணி அடித்து ஆடுவார்கள். அந்தப் பாயை மிதித்துப் பார்த்த பிறகே அவர் பந்தைத் தொடுவார்.

ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி ஆலைத் தொழிலாளர்களும் அதிகாரிகளும் மோதுவார்கள். மானேஜருக்கு முதல் பந்தை மெதுவாகப் போடுவது வழக்கம். அவர் ஓர் ஓட்டம் எடுப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். தொழிலாளர் அணிக்குத் தலைவரான தலைமைக் கணக்கர் அந்த ஆண்டும் அதைச் சொன்னார்.

"ஏலே சுடல, தொரைக்கு மெதுவாப் போடு."

"மெதுவாப் போடதுக்கு நான் எதுக்கு அண்ணாச்சி? நீங்களே போடலாமே."

முதல் பந்திலேயே மானேஜரின் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. மறுநாள் ஆலை வாசலிலேயே சுடலைமுத்துவை நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு என்று பிறகு ஆள் அனுப்பினார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அடுப்பு எரிவது சந்தேகம். சிநேகிதனான நான்கூட, "கேட்டுவிடுங்களேன்" என்றேன்.

"மன்னிப்பு கேக்கதுக்கு நான் என்ன நோ-பாலா போட்டேன்? முதல் பந்தும் பந்துதான்."

அதன்பிறகு கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய்க் கூலிக்குப் பந்து வீசினார். அவரைச் சேர்த்தால் ஆலை மைதானம் கிடையாது என்று மிரட்டல் வந்தது. திருவேங்கடத்து அணி பின்வாங்கியது. இளையரசனேந்தல்காரர்களோ, கம்பு அறுத்த காட்டிலேயே பாயை விரித்தார்கள். அங்கே மட்டை பிடித்த பண்ணையார்களும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் அவருடைய முதல் பந்தின் வேகத்தை அறிவார்கள். தோள் இறங்கிய கடைசி ஆண்டுகளில் ஓடிவரும் தூரத்தைக் குறைத்துக்கொண்டார். வேகத்தைக் குறைக்கவில்லை.

இறுதி ஊர்வலத்துக்கு அந்தத் தலைமைக் கணக்கரும் மாலையோடு வந்திருந்தார். "கொஞ்சம் அனுசரிச்சிருந்தா ஆலையிலேயே கௌரவமா இருந்திருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். அது காதில் விழுந்து வீட்டுக்குள்ளேயிருந்து எழுந்து வந்தார் பேச்சியம்மாள், சுடலைமுத்துவின் மனைவி.

"மாலையப் போட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. அவுக பந்து போடதுக்குத்தான் கூலி வாங்குனாக. பயந்து நடக்கதுக்கு வாங்கல."

கணக்கர் குனிந்து மாலையை வைத்தார். பந்தின் தையலில் தேய்ந்து காய்த்துப்போன சுடலைமுத்துவின் இரண்டு விரல்களும் மாலைக்கு வெளியே தெரிந்தன.

சென்று வாருங்கள், சுடலைமுத்து. அந்தப் பக்கம் மட்டையோடு நிற்பது யாராக இருந்தாலும், அவர் தம் ஸ்டம்பைக் காத்துக்கொள்ளட்டும்.