பஸீஹாவின் வரப்புகளும் பன்றிகளும்

கெலிஓயாவுக்கு மேலே, பஸ் ஏறாத சரிவில் பஸீஹாவின் அரை ஏக்கர் இருக்கிறது. மேல் எல்லையில் காடு, கீழே ஓடை. தையல் கடையை மூடிவிட்டு ஆறு வருடங்களுக்கு முன் அவர் இங்கே வந்தபோது மேல்மண் போயிருந்தது; மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கல்லில்தான் பட்டது. சரிவுக்குக் குறுக்காக ஆறு கல்வரப்பு கட்டினார். ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் மழைநீர் தேங்கக் கான் என்கிற சிறு வாய்க்கால் வெட்டி, அதில் இலைகுழை நிரப்பினார். மண் கறுத்தது. போஞ்சி காய்த்தது. மண்புழு வந்தது.

மண்புழுவைத் தேடிக் காட்டுப்பன்றியும் வந்தது.

கடந்த செப்டெம்பரில் பன்றிகள் கிளறியதில் மூன்று வரப்புகள் சரிந்து கிடந்தன. ஒக்டோபர் மழைக்கு முன் அவற்றைக் கட்டி நிறுத்தாவிட்டால், ஆறு வருடத்து மண் ஒரே வாரத்தில் ஓடைக்குப் போய்விடும். பக்கத்துத் தோட்டத்துச் சின்னமுத்து சுருக்குக் கம்பியோடு வந்தார்.

"ரெண்டு எடத்துல கட்டுனா போதும், தங்கச்சி."

"வேணாம் அண்ணே. போன வருஷம் ஓடைக்கு அங்கால தோட்டத்துல சிறுத்தைப் புலிதானே மாட்டினது. கம்பிக்குப் பண்டி எது, புலி எது எண்டு தெரியுமா?"

"தின்னவும் மாட்டீங்க, கொல்லவும் விடமாட்டீங்க. அப்புறம் யாருக்குத்தான் வளக்குறீங்க?"

பஸீஹா சிரித்துவிட்டார். கம்பியை மட்டும் வாங்கவில்லை.

அடுத்த நாலு நாளும் காலையில் கிளறிய இடங்களைச் சுற்றிப் பார்த்தார். ஈர இலை கிடந்த கான்களில்தான் கிளறல். காய்ந்த இடத்தில் ஒன்றுமில்லை. வரப்பை ஒட்டி விருந்து வைத்தது தானேதான் என்று அவருக்கு விளங்கியது. கான்களை வழித்து, இலை முழுவதையும் சாக்குச் சாக்காகச் சுமந்து காட்டோரம் கொட்டினார். பிறகு வரப்புகளைத் திருப்பிக் கட்டினார்; உடைந்தாலும் மண் தங்கட்டும் என்று ஓடைக்குச் சற்று மேலே ஒரு குழியும் வெட்டினார்.

"இப்ப சாப்பாட்ட வாசலுக்கே அனுப்புறீங்களா?" என்றார் சின்னமுத்து.

"அவங்கட வாசலுக்குத்தானே அண்ணே. எங்கட வாசலுக்கு வராட்டிப் போதும்."

பன்றிகள் காட்டோரக் குவியலைக் கிளறின. போகிற போக்கில் ஒரு மூலை மரவள்ளியையும் முடித்துவிட்டன. அதற்குப் பஸீஹாவிடம் இன்னும் வழி இல்லை.

ஒக்டோபரில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்து வரப்புகள் நின்றன. கடைசி வரப்பு உடைந்தது. அதன் மண் ஓடைக்கு எட்டடி முன்னால், அந்தக் குழியில் தங்கிவிட்டது. மழை விட்ட காலையில் பஸீஹா அதைக் கூடையில் அள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். சின்னமுத்து கீழே நின்று, உடைந்த வரப்புக்குக் கல் எடுத்துக் கொடுத்தார்.