ராஜாவுக்கு எதிரே ராஜா

காஜா பெராங் வட்டாரத்தில் சதுரங்கத்தில் தன்னை அடிக்க ஆளில்லை என்று கலியாணசுந்தரத்துக்கு ஒரு வீம்பு. ஜப்பான் சண்டைக்கு முன், பண்டார் ஹிலிர் கிளப்பில் ஒரு குமாஸ்தா, காப்பி ஆறுவதற்குள் ஜெயித்து அதை உடைத்துப் போட்டான். வெள்ளைக்காரர்கள் ஆடும் ஸ்பானிஷ் தொடக்கமாம் அது. அன்றே மனுஷருக்குத் தூக்கம் போயிற்று. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் அச்சான ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். ஜப்பான்காரன் வந்து, வேலை போய், மரவள்ளி நட்டு வயிற்றைக் கழுவிய காலத்திலும் அவற்றை விடவில்லை.

ஆனால் அவற்றின்படி ஆடிப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. கறுப்பன் முதல் அடியிலேயே சிப்பாயைச் சும்மா வெட்டுக் கொடுக்கிறான். வெள்ளையனோ வெட்டாமல் குதிரையை எடுக்கிறான். இவனுகளா பெரிய ஆட்டக்காரர்கள்!

மனைவி சிவகாமசுந்தரி ஒருநாள் துண்டில் அச்சாகியிருந்த பலகைப் படத்தை எட்டிப் பார்த்தாள். "படத்துல ராஜாவும் ராஜாவும் நேருக்கு நேரா நிக்கிறாங்களே. நீங்க மாத்தி வச்சிருக்கீங்க."

"ராஜாவுக்கு எதிர்ல ராணி நிக்கிறதுதான் நம்ம வழக்கம். போய் அடுப்பைப் பாரு!"

அந்த வாரமே, ஒளித்து வைத்த ரேடியோ தேடி ஜப்பான் சோல்ஜர்கள் வந்தார்கள். ரேடியோ கிடைக்கவில்லை, துண்டுத்தாள்கள் கிடைத்தன. எழுத்தும் எண்ணுமாக இருந்ததைக் கண்டதும் அதிகாரியின் முகம் மாறியது. கூட வந்த துபாஷி தேவதாஸ், முன்பு பெண்டஹாரா ரோட்டுத் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவன்.

"ரகசியச் செய்தியான்னு கேக்கிறாரு, அண்ணே."

"ஐயோ, சதுரங்கம் தம்பி! எழுத்து காய், எண்ணு அந்தக் காய்க்கு முன்னால எத்தனையாவது கட்டம்னு!"

"அப்ப ஆடிக் காட்டுங்க. அவங்க ஊர்லயும் இப்படி ஒரு ஆட்டம் இருக்காம். ஏமாத்த முடியாது."

வேர்வை வழிய, வழக்கம்போல் அடுக்கி ஆடினார். வெள்ளை பிஷப் கறுப்பு ராணிக்குக் குறி வைத்தது. தாளின்படி கறுப்பன் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினான். அதிகாரி பலகையில் ஓங்கி அறைந்தார்.

"ராணி போகுது, இவன் ஓரத்துல என்னத்தைத் தள்ளுறான்னு கேக்கிறாரு. பொய்யின்னா தலை இருக்காது, அண்ணே."

அதிகாரியின் கை வாளில் இருந்தது. கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார். கதவோரம் வெளிறிப்போய் நின்றாள். அவள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"என் தப்புன்னு சொல்லு தம்பி. மாத்தி வச்சுட்டேன்." தன் தப்பு என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

கறுப்பு ராஜாவையும் ராணியையும் இடம் மாற்றி, மறுபடி தொடங்கினார். இப்போது ராஜாக்களுக்கு முன்னிருந்த சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு குதிரை தாக்கியது, மறு குதிரை காத்தது. பிஷப் அந்தக் குதிரையைக் குறி வைக்க, ஓரத்துச் சிப்பாய் பிஷப்பையே விரட்டியது. அடப்பாவி, இதற்கா இந்த ஓரத்துச் சிப்பாய்! உயிர் ஊசலாடும் நேரத்திலும் அவருக்குப் புல்லரித்தது.

அடுத்த காயை அவர் தொடுமுன் அதிகாரி குந்தி உட்கார்ந்து, பிஷப்பைத் தானே ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்தார். தேவதாஸ் தாளைக் கட்டத்தோடு ஒத்துப் பார்த்தான்.

"அதேதான் போட்டிருக்கு, அண்ணே!"

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். பிறகு தாள்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். சிவகாமசுந்தரி அப்படியே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

தாள்கள் போயின, ஆட்டம் மனதில் நின்றது. ஜப்பான்காரன் போனபின் அந்தக் குமாஸ்தாவையும் வீட்டுக்கே அழைத்து ஜெயித்தார். ஆனால் சாகும்வரை, வீட்டில் யாரோடு ஆட உட்கார்ந்தாலும், முதல் காயைத் தொடுமுன் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"சிவகாமி, சரியா வச்சிருக்கேனான்னு வந்து பாரு."