மூன்றாவது ஆணி

தன் படத்தைப் பார்க்கும்வரை லைஸ்பெத்துக்குத் தன் கல்யாணத்தைப் பற்றிச் சந்தேகம் எதுவும் வந்ததில்லை.

ஹார்லெம் நகருக்கு வெளியே, மணல்மேடுகளை ஒட்டித் துணி வெளுக்கும் புல்வெளியில் வளர்ந்தவள் அவள். சாம்பல் நீரில் ஊறப்போட்டு, புல்லில் விரித்து, மோரில் முக்கி, மறுபடி விரித்துப் பதினாறு வருஷம் ஊரார் துணியை வெளுத்தாள். துணி வெளுத்தது, கை சிவந்து வெடித்துப்போனது. ஓவியர் யோரிஸின் வீட்டுக்குள் அவள் முதலில் வந்ததும் துணிக்காகத்தான். அவர் மனைவி ஹில்லே இருமி இருமிப் படுக்கையில் கிடந்த காலம். துவைக்க வந்தவள் கஞ்சி வைத்தாள், முதுகு நீவிவிட்டாள், கடைசியில் ஹில்லேயைக் குளிப்பாட்டிச் சவப்பெட்டியில் கிடத்தியதும் அவள்தான். இரண்டு வருஷம் கழித்து யோரிஸ் அவளையே கட்டிக்கொண்டார். ஊர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு ஓய்ந்தது. ஆனால் அவளுக்கே பழக்கம் விடவில்லை. அவசரத்தில் புருஷனை "ஐயா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

முன்னறைச் சுவரில் யோரிஸும் ஹில்லேயும் ஜோடியாகத் தொங்கினார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவரே தீட்டியவை. அந்த ஊரில் கட்டிக்கொண்டவர்களை அப்படித்தான் தீட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்கு இடப்பக்கம் புருஷன், வலப்பக்கம் மனைவி. அவர் முகம் அவளை நோக்கி, அவள் முகம் அவரை நோக்கி. தினமும் காலையில் இறகுக் கட்டையால் இரண்டு படத்தையும் தூசி தட்டுவது லைஸ்பெத்தின் முதல் வேலை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் யோரிஸ், "உக்காரு, உன்னைத் தீட்டணும்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹில்லேயைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படி இல்ல. அந்தப் பக்கம் திரும்பு."

"அந்தப் பக்கம் இருட்டா இருக்கே, ஐயா."

அவர் எழுந்து போய், எத்தனையோ வருஷமாக அடைத்துக் கிடந்த எதிர்ப்பக்க ஜன்னலைச் சுத்தியலால் தட்டித் திறந்தார். புறா எச்சம் பொலபொலவென்று கொட்டியது. ஏன் இந்தப் பாடு என்று கேட்டாள். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டிருந்த மனுஷரிடமிருந்து "ம்" என்று ஒரு சத்தம்தான் வந்தது. பேச்சு விஷயத்தில் யோரிஸ் மகா கஞ்சர்.

ஒரு மாதத்தில் படம் முடிந்தது. அவள் கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, அந்தச் சிவந்த கைகள், எல்லாம் இருந்தன. ரொட்டிக்கடைக்கார வெண்டெலா பார்க்க வந்தாள். இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் நின்றாள்.

"மூக்கு நீதாண்டி. சந்தேகமே இல்ல. ஆனா ஏன் இந்தப் பக்கம் பாக்குற?"

"அவர்தான் திரும்பச் சொன்னாருக்கா."

"ஹில்லே இடத்துல இதை மாட்டிப்பாரு. உன் முதுகு அவருக்கு, முகம் வாசலுக்கு. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினவ மாதிரி இருப்ப."

"அப்படின்னா என்னக்கா அர்த்தம்?"

"எனக்கு ரொட்டி சுடத்தான் தெரியும். உன் புருஷன்கிட்ட கேளு."

கேட்டுப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? அதுதான் அவளுக்குப் பயம். துவைக்க வந்தவள் துவைக்க வந்தவளாகவே இரு என்று சொல்கிறாரா? அப்படியானால் எதற்கு ஜன்னலை உடைத்துத் திறந்தார்? கையை ஏன் வெளுப்பாக்காமல் உள்ளபடியே தீட்டினார்? அது அன்பா, நீ யாரென்று நினைவூட்டலா? பட்டாணிக் கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதற்கும் அர்த்தம் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்ததும் யோரிஸ் ஒரு ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் ஹில்லேயைத் தொடவில்லை. தன் படத்துக்கு இந்தப் பக்கம், இடப்பக்கம், வெறும் சுவரில் ஆணியை அடித்து லைஸ்பெத்தை மாட்டினார்.

"ஹில்லேயை எறக்க மனசு வரல. உன்னை வேற அறையில வைக்கவும் மனசு வரல. அதான் இந்தப் பக்கம்" என்றார். வருஷத்திலேயே நீளமான பேச்சு அது.

படத்தில் இருந்தவள் இப்போது நேராகப் புருஷனைப் பார்த்தாள். அத்தனை குழப்பமும் வடிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படத்திலிருந்த தன் பார்வை போகும் வழியிலேயே அவளும் பார்த்தாள். தன்னிடமிருந்து அவர் முகத்துக்கு. அவர் முகத்திலிருந்து ஹில்லேக்கு.

"நான் உங்களைப் பாக்குறேன். நீங்க அவங்களைப் பாக்குறீங்க" என்றாள்.

யோரிஸ் சுத்தியலோடு திரும்பினார். தன் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். எத்தனையோ ஊர்க்காரர்களைத் தீட்டியவர், யார் எங்கே பார்க்கவேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னவர், தன் முகத்தை மட்டும் மறந்துபோயிருந்தார்.

"உன்னை எங்க வைக்கிறதுன்னே யோசிச்சேன். நான் எங்க பாக்குறேன்னு யோசிக்கல" என்றார்.

மறுநாள் காலை அவள் இறகுக் கட்டையோடு வந்தபோது நடுவில், அவர் படம் இருந்த இடத்தில், வெறும் ஆணிதான் இருந்தது. யோரிஸ் முகம் பார்க்கும் கண்ணாடியை நாற்காலியில் சாய்த்து, படம் தீட்டப் புதுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். தாடியில் பாதி நரை.

"நீயே சொல்லு. எந்தப் பக்கம் திரும்பட்டும்?"

அவள் சுவரில் மிஞ்சிய இரண்டு படத்தையும் பார்த்தாள். தன் படத்தின் பக்கம் திரும்பினால், தன் கையால் குளிப்பாட்டிய ஹில்லேக்கு முதுகு. அந்தப் பக்கமென்றால் இத்தனை நாள் எதற்காக உள்ளுக்குள் அழுதாள்? தனக்குள்ளேயே கேட்டுக் கேட்டு நெஞ்சு புண்ணான கேள்வி, பதில் சொல்லும் முறை வந்ததும் ரொம்பக் கனத்தது.

"எங்கயும் திரும்பாதீங்க. நேரா பாருங்க" என்றாள் கடைசியில். "தினமும் காலையில தூசி தட்ட எதிர்ல வந்து நிக்கிறது நான்தான்."